ஆறு கோடுகளுக்கு மேல் ஒரு முகம்

என் மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்தவனின் வலது முன்கையில் இன்னொரு ஆள் இருந்தான். தலையில் துண்டு கட்டி, கன்னம் ஒட்டி, கண்களைப் பாதி மூடிய ஆள். அவனுக்குக் கீழே வரிசையாக ஆறு கோடுகள். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட இவன் கையை நீட்டியபோது அந்த ஆளும் காகிதத்தின் மேல் வந்து எட்டிப் பார்த்தான்.

மத்திகிரியில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் குடிவருபவரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டு. பெரும்பாலோர் கொடுப்பதில்லை. நான் கொடுப்பேன். இரண்டு பிரதிகள், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் வாங்கி வருவேன். அந்தப் படிவத்தில் அங்க அடையாளங்கள் எழுத இடம் விடாதது பெரிய குறை. அதனால் தனித்தாள் ஒன்றை இணைப்பேன். மச்சம், தழும்பு, காதுத் துளை, இப்போது பச்சை. அந்தத் தாளை நிலையத்தில் யாரும் படிப்பதில்லை என்பதும் தெரியும். யாரும் படிக்கமாட்டார்கள் என்பதற்காக எழுதாமல் விடுகிறவனாக இருந்திருந்தால், நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வு பெறும்வரை என்னால் காலம் தள்ளியிருக்க முடியாது.

"இது யாரு, உங்க அப்பாவா?" என்று கேட்டேன். அப்பா இல்லை என்று தெரிந்துதான் கேட்டேன்.

அவன் சிரித்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், இங்கே ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். "இவரத் தெரியாதா சார்? உங்க ஊர்க்காரருல்லா. ஆறு கொல. ரெண்டு ஸ்டேட் போலீசும் தேடி அலைஞ்சிருக்கு. செம கெத்து சார்."

எனக்குத் தெரியும். அந்த வழக்கு எங்கள் நீதிமன்றத்தில்தான் முதலில் எண்ணிடப்பட்டது. நான் அப்போது குற்றவியல் நடுவரின் பெஞ்ச் கிளார்க். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்று தெரியாத காலம் அது. விவசாயிகள் கிணற்று மோட்டார் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வார்கள். அப்படித் தனியாகப் படுத்திருந்தவர்களை ஒருவன் எல்லைக்கு இந்தப் பக்கம் நான்கு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் என்று கொன்றுவந்தான். எதையும் திருடவில்லை. ஏன் கொன்றான் என்பதற்கு அவனே மூன்று முறை மூன்று விதமாகச் சொன்னான். கடைசியில் பிடிபட்டான், தண்டனை பெற்றான், சிறையிலேயே நோய்வாய்ப்பட்டு இறந்தான். இறந்த செய்தி அலுவலகக் கடிதமாக எங்களுக்கு வந்தது. கோப்பில் துளையிட்டுச் சேர்த்தவன் நான்.

கொலைகாரனை வாய்தாவுக்கு வாய்தா நான்கடி தூரத்தில் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். என் மாடி வீட்டுக்காரனின் கையில் இருந்தது அவன் இல்லை.

அதை நான் அவனிடம் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்தேன், தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தைச் சொன்னேன், கீழே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

*

சிரித்தாலும் சந்தேகம் போகவில்லை. ஆறு பேரைக் கொன்றவனைக் கெத்து என்கிறவன் என் தலைக்கு மேல் குடியிருக்கிறான். அவன் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்குப் போன் செய்து அடையாள அட்டை உண்மைதானா என்று விசாரித்தேன். உண்மைதான். எந்த ஷிப்டுக்குப் போகிறான், கம்பெனி பஸ் எத்தனை மணிக்கு அவனை இறக்கிவிடுகிறது, யார் வந்து போகிறார்கள் என்று ஒரு மாதம் கவனித்தேன். கண்டுபிடித்தவை இவ்வளவுதான்: ஞாயிறுதோறும் துணி துவைக்கிறான், அம்மாவிடம் தினமும் போனில் என்ன குழம்பு வைத்தேன் என்று ஒப்பிக்கிறான், பல்லியைக் கண்டால் அறைக்குள் போகமாட்டான். கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் ரத்தம் எடுக்க ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தான் என்று அவன் நண்பன் என்னிடம் சொல்லிச் சிரித்தான். பச்சை குத்தும்போது விழவில்லையா என்று அவனையே கேட்டேன்.

"அது வேற ஊசி சார்" என்றான்.

அதற்குள் அந்த முகத்தை நான் வேறு இடங்களிலும் பார்க்கத் தொடங்கியிருந்தேன். ஓசூர் பேருந்து நிலையத்தில் அரைக்கால் சட்டை போட்ட ஒருவனின் கெண்டைக்காலில். எனக்கு முடிவெட்டுகிறவரின் உதவியாளனுக்குப் புறங்கழுத்தில். வங்கியில் எனக்கு முன்னால் நின்ற ஒருவனின் தோளில் பாதி, மீதி பனியனுக்குள். ஒருநாள் பாகலூர் சாலையில் பச்சை குத்தும் கடை ஒன்றின் கண்ணாடியில், சூலத்துக்கும் சிங்கத்துக்கும் நடுவே மாதிரிப் படமாகவே ஒட்டியிருந்தார்கள். உள்ளே போனேன். கடைக்காரர் ஒருவரிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டே இன்னொருவருக்குத் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு என்னிடம் தமிழுக்கு வந்தார். என் வயதைப் பார்த்ததும், பேரப்பிள்ளை பெயரா என்று கேட்டார்.

அந்தப் படத்தைக் காட்டி, இது யார் என்றேன்.

"யாரோ கில்லர் சார். சாமி படத்துக்கு அடுத்து இதான் ஓடுது. கன்னம் நல்லா உள்ள போயிருக்கு பாருங்க, ஷேடிங் சூப்பரா வரும்."

இதற்கெல்லாம் மூலம் ஓர் இணைய ஒளிபரப்பு. கறுப்புக் கண்ணாடி போட்ட இருவர் மாறி மாறிப் பேசுகிறார்கள். பின்னணியில் யாரோ கதவைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கிறது. நான் முழுவதும் பார்த்தேன், ஒரு தாளில் குறிப்பெடுத்துக்கொண்டு. ஊர்ப் பெயர்கள் தவறு, பிரிவு எண்கள் தவறு, நீதிமன்றத்தையே இடம் மாற்றிவிட்டார்கள். கொலை செய்தவன் எப்படி நடப்பான், என்ன பீடி குடிப்பான், எந்தக் கையில் கட்டையைப் பிடிப்பான் என்பதை மட்டும் கூட இருந்தவர்கள் மாதிரி சொன்னார்கள். செத்த ஆறு பேரில் ஒருவர் பெயரும் வரவில்லை. முதல் ஆள், இரண்டாவது ஆள் என்று எண்ணிக்கொண்டே போனார்கள். கடைசியில் அவன் சிறையில் சாகவே இல்லை, பிணத்தின் புகைப்படத்தை யாரும் பார்த்ததில்லை, இன்றைக்கும் நம் நடுவில் எங்கேயோ நடமாடிக்கொண்டிருக்கலாம் என்று முடித்தார்கள். அதற்குக் கீழே நெருப்புப் படங்களும் இதயப் படங்களுமாக ஆயிரக்கணக்கில்.

கோபப்பட எனக்கு யோக்கியதை உண்டா என்று யோசித்தேன். குற்றப்பத்திரிகையைப் பக்கம் பக்கமாக நகல் எடுத்தவன் நான். எனக்கும் இப்போது அந்த ஆறு பேரில் இரண்டு பேர் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. கொலைகாரனின் பெயர் அவன் தகப்பன் பெயரோடு நினைவிருக்கிறது.

அவர்கள் காட்டிய ஒரே புகைப்படம் ஒரு பழைய நாளிதழ்த் துண்டு. தலையில் துண்டு கட்டிய ஆள், அவன் தோளில் ஒரு காவலரின் கை, பின்னால் கிளைச் சிறையின் கதவு. அந்தப் படம் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். சொல்கிறேன்.

*

சாட்சி ஒருவர் கொலைகாரனைத் தப்பியோடும்போது பார்த்திருந்தார். பிடிபட்டவன்தான் அவனா என்று உறுதிசெய்ய அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டும். சந்தேகப்படும் ஆளை மட்டும் நிறுத்திக் காட்டினால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அதனால் அதே வயதும் உயரமும் நிறமும் உள்ள, வழக்குக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் ஏழெட்டுப் பேரை அவனோடு கலந்து நிறுத்துவார்கள். சிறைக்குள் நடுவர் முன்னிலையில் நடக்கும். காவல்துறைக்கு உள்ளே இடமில்லை. ஆகவே ஆள் பிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

காலையில் தாலுகா அலுவலக வாசலில் நின்றேன். நில ஆவண நகல் வாங்க வந்து கிழக்கும் மேற்கும் தெரியாமல் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். நல்ல தேர்வாளன் நான். குறிப்பாக ஒருவரைக் கண்டதும் எனக்கு உற்சாகமே வந்துவிட்டது. நாட்றாம்பாளையத்துக்கு அப்பாலிருந்து வந்தவர். சிட்டா நகலுக்காக அது அவருக்கு மூன்றாவது நடை. உயரம், ஒடிசல், மீசை, நிறம் எல்லாம் அப்படியே. தூரத்தில் பார்த்தால் கொலைகாரனின் கூடப்பிறந்தவர் என்று தோன்றும். கிட்டே பார்த்தால்தான் கன்னமும் கண்ணும் வேறு. ஒரு மணி நேர வேலை, அரசாங்கத்துக்கு உதவி, முடித்ததும் சிட்டாவுக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். வந்தார்.

தப்பியோடியவன் தலையில் துண்டு கட்டியிருந்தான் என்று சாட்சி சொல்லியிருந்ததால் எல்லோர் தலையிலும் துண்டு கட்டினோம். சாட்சி சரியான ஆளைத்தான் தொட்டுக் காட்டினார். குறையொன்றும் இல்லாத அணிவகுப்பு. முடிந்ததும் மற்றவர்களை வெளியே அனுப்பினேன். சிட்டாக்காரர் துண்டை அவிழ்க்க மறந்து முதலில் வெளியே வந்தார். கதவருகே கூட்டம். காவலுக்கு நின்ற ஒருவர் அவர் தோளில் கைவைத்து வழி விலக்கிவிட்டார். அந்த நொடியில் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் படமெடுத்தார். மறுநாள் அந்தப் படம் முதல் பக்கத்தில், கொலைகாரன் என்று.

நான் காலையில் டீக்கடையில் அதைப் பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்தது. நீதிமன்றப் பதிவில் பிழையில்லை. பத்திரிகையில் வருவது எங்கள் கோப்பு அல்ல. நடுவர் கேட்டால் சொல்லலாம். நடுவர் கேட்கவில்லை.

இத்தனை ஆண்டுகள் கழித்து அந்த முகத்தை இளைஞர்கள் ஊசியால் குத்திக்கொண்டு திரிகிறார்கள் என்பது ஓய்வுபெற்றவனின் பொழுதுக்கு ஏற்ற நகைச்சுவையாக இருந்தது. ஒரு கெண்டைக்காலைப் பார்க்கும்போதெல்லாம், தம்பி, நீ சுமப்பது சிட்டா வாங்க வந்த ஆளை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். அந்த ஆள் என்ன ஆனார் என்று ஒருமுறையும் யோசிக்கவில்லை.

*

ஒரு வியாழக்கிழமை மாலை மாடிவீட்டுக்காரன் கீழே வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அப்படி நின்றால் குழாய் ஒழுகுகிறது என்று அர்த்தம். இந்த முறை போனை நீட்டினான்.

"சார், கோவப்படாதிய. ஒரு விசயம். அந்தப் போட்டோவ வயசாக்கிப் பாக்குற ஆப் ஒண்ணு இருக்கு. அதுல போட்டு விட்டிருக்காங்க. இத நம்ம கேட்டுல இருக்காருல்லா, அவரோட வச்சுப் பாருங்க."

திரையில் இரண்டு படங்கள். ஒன்று தலைத்துண்டு முகம், நரைத்து, சுருங்கி. மற்றொன்று எங்கள் குடியிருப்பின் வாசல் காவலாளி, சீருடைத் தொப்பியோடு, டீத் தம்ளரை ஊதிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் எடுத்தது.

அவர் ஒன்பது மாதங்களாக எங்கள் வாசலில் இருந்தார். நலச்சங்கத்தின் செயலாளர் நான். மற்றவர்களுக்குக் கூட்ட நடவடிக்கை எழுதத் தெரியாது என்பதால் எனக்கு அந்தப் பதவி. ஒரு நிறுவனம் அவரை அனுப்பியபோது ஆதார் நகல், நிறுவனத்தின் கடிதம், காவல்துறைச் சரிபார்ப்பு எல்லாவற்றையும் நான் பார்த்தேன். வருவோர் போவோர் பதிவேட்டை எப்படி எழுத வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுத்தேன். அவருடைய கையெழுத்தைத் திருத்தினேன். முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கூட்டத்திலிருந்து அந்த முகத்தைப் பொறுக்கி எடுத்தவனே நான்தான் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கன்னம் இன்னும் ஒட்டியிருந்தது. கண் அதே பாதி மூடல்.

"அவர்தான சார்?" என்றான். அவன் குரலில் பயம் இல்லை. நடிகரைத் தெருவில் பார்த்தவனின் குரல் அது.

"ஆமாம்" என்றேன். எதற்கு ஆமாம் என்று அவனுக்குப் புரியாது என்பதை அந்த நேரத்தில் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வாசலில் பன்னிரண்டு இருசக்கர வாகனங்கள் நின்றன. காவலாளியோடு படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள். ஒருவன் சட்டைக் கையை மடித்துப் பச்சையை அவர் கன்னத்துக்கு அருகே வைத்துக்கொண்டு நின்றான். அவர் மறுக்கவில்லை. வண்டிகளை வழிவிட்டு நிறுத்தச் சொன்னார், அவ்வளவுதான். அன்றைக்கே பெண்களின் வாட்ஸாப் குழுவில் அந்தப் படம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலை அவசரக் கூட்டம் கேட்டார்கள்.

கூட்டத்தில் ஒரு வங்கி மேலாளர் பேசினார், ஒரு பள்ளி ஆசிரியை பேசினார். தூங்குகிறவர்களைக் கொன்றவனைக் காவலுக்கு வைத்துக்கொண்டு தூங்குகிறோம் என்றார் மேலாளர். அவர் அந்த ஆள் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும் இந்தப் பசங்கள் கூட்டம் குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு வருகிறதே என்றார் ஆசிரியை. நிலையத்தில் புகார் கொடுக்கலாம் என்றார் ஒருவர். கொடுத்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்: பகல் முழுவதும் பெஞ்சில் உட்கார வைப்பார்கள், மாலையில் நிறுவனத்துக்குப் போன் போகும், நிறுவனம் அவரை எடுத்துவிடும், இப்படிப் பெயர் வந்தவரை வேறு எந்த வாசலும் கேட்காது. கடைசியில் அடுத்த ஞாயிறு வரை தவணை, அதற்குள் அவர் அந்த ஆள் இல்லை என்று யாராவது எழுத்துமூலமாக நிரூபித்தால் சரி, இல்லையென்றால் மாற்றிவிடுவது என்று முடிவானது.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "செயலாளர் விசாரித்து அறிக்கை தருவார்" என்று எழுதினேன்.

*

முதலில் ஆவணம் தேடினேன். அணிவகுப்புக் குறிப்பில் கலந்து நின்றவர்கள் பெயர், ஊர், தகப்பன் பெயர் எல்லாம் இருக்கும். அது ஒன்று போதும். நான் வாயைத் திறக்கவே வேண்டாம். பழைய நீதிமன்றத்தில் இப்போது இருக்கும் பதிவறை எழுத்தருக்குப் போன் செய்தேன். மரியாதையாகப் பேசினார், மறுநாள் திரும்ப அழைத்தார். தீர்ப்பு மட்டும் நிரந்தரமாம். மற்ற தாள்கள் காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன. "அழிப்புப் பட்டியல்ல கையெழுத்து உங்களதுதான் சார் இருக்கு" என்றார்.

ஆக, அந்த ஆள் யார் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆதாரம் நான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாசல் அறைக்குப் போனேன். அவர் சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், உங்களை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்றேன். வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணையில் கேட்கிற மாதிரி.

"தாலுக்காபீசு வாசல்ல சார்" என்றார்.

"எப்ப தெரிஞ்சது?"

"வந்த மொத நாளே. நோட்டுல கோடு போட்டுக் காட்டினீங்களே, அந்தக் கொரலு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"சொன்னா என்னா சார். ஒருதரம் சொல்லிப் பாத்தன்."

பிறகு அவர் சொன்னதை நான் இங்கே சுருக்கித்தான் எழுதுகிறேன். படம் வந்த இரண்டாம் நாள், அந்தப் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு மூன்று பஸ் மாறி நீதிமன்றத்துக்கு என்னைத் தேடி வந்திருக்கிறார். ஊரில் எல்லோரும் பார்க்கிறார்கள், கொலைகாரன் நான் இல்லை என்று ஒரு காகிதம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். இது நீதிமன்றம் போட்ட படம் இல்லை, பத்திரிகை அலுவலகத்தில் போய் மனுக் கொடு என்று நான் சொல்லியிருக்கிறேன்.

"அது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாது சார். கேக்கலாம்னு பாத்தன். நீங்க உள்ள போயிட்டீங்க."

அது எனக்கு நினைவில் இல்லை. இப்படி எழுதிவிட்டு யோசித்தால், நினைவில் இல்லை என்பதை நானே நம்பவில்லை. மடித்த பத்திரிகையோடு ஒருவர் ஜன்னல் பக்கம் நின்றது மங்கலாக இருக்கிறது. அப்படி நின்றவர்கள் ஆயிரம் பேர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உண்மையான ஆள் தண்டிக்கப்பட்டது ஊருக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும், ஆனாலும் போலீஸ் சும்மாவா தோளில் கை வைக்கும் என்றார்களாம். "கொட்டாய்ல படுத்திருக்கறவங்க நான் அந்தப் பக்கம் போனா எழுந்து உக்காந்துக்குவாங்க சார். ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உக்காந்துக்குவாங்க." அண்ணனிடம் நிலத்தை விட்டுவிட்டு வெளியேறிவிட்டார். செங்கல் சூளை, கல் குவாரி, பிறகு தொழிற்சாலை வாசல்கள். தாடி வளர்த்தார். வயதானதும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தாடியை எடுத்திருக்கிறார். எடுத்து நான்கு மாதம்தான் ஆகிறது.

"பசங்க படம் புடிச்சப்ப ஏன் சும்மா நின்னீங்க?"

"பயந்து எழுந்திரிக்காம பக்கத்துல வந்து நின்னாங்களே சார்" என்றார். "கையில பூரா என் மொகம். என்னான்னு சொல்றது."

*

பிரமாணப் பத்திரம் எழுதுவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்றிரவே வரைவு தயார். ஐந்து பத்தி. நான் இன்னார்; இன்ன பதவியில் இருந்தேன்; இன்ன வழக்கில் அணிவகுப்புக்கு ஆட்களைத் தேர்ந்தவன் நானே; இந்தக் காவலாளி அவர்களில் ஒருவர்; நாளிதழில் வந்த படம் இவருடையது, குற்றவாளியுடையது அல்ல, குற்றவாளி சிறையில் இறந்துவிட்டான். சுத்தமான வரைவு. வெள்ளிக்கிழமை ஓசூர் நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சுக் கடைக்கு அவரையும் அழைத்துப் போனேன். பத்திரத்தில் அவருடைய பெயர், ஊர் சரியா என்று அவர் பார்க்க வேண்டும், அதற்காக.

தட்டச்சு செய்கிற பெண் முதல் நகலை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாங்கி, வெளிச்சத்துக்கு நகர்ந்து, விரல் வைத்துப் படித்தார். நேரம் எடுத்தது. நோட்டரி வக்கீல் சாப்பிடப் போய்விடுவார் என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"எல்லாம் சரிங்க சார்" என்றார். "ஆனா நான் வந்து கேட்டது இதுல இல்ல."

அது தேவைப்படாது, இது போதுமான ஆதாரம் என்றேன்.

"அவங்க கேப்பாங்களே சார். தெரிஞ்சா அப்பவே ஏன் சொல்லலன்னு. நீங்க என்னமோ எனக்காகப் பொய் எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

முப்பத்து நான்கு ஆண்டு அனுபவத்தில் எனக்குத் தோன்றாத ஓட்டை. நிற்கும் சாட்சியம் எது, நிற்காதது எது என்று அவர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அதை எழுதினால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். தெருவில் என்னை மரியாதையாக நிறுத்திச் சந்தேகம் கேட்கிறவர்கள், பட்டாவுக்கும் வாரிசுச் சான்றுக்கும் வழி கேட்கிறவர்கள், எல்லோரும் அதைப் படிப்பார்கள்.

நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் அடித்தாள்: படம் தவறென்று வெளியான அன்றே நான் அறிவேன், மேற்படி நபர் நேரில் வந்து முறையிட்டும் நான் நடவடிக்கை எடுக்கவில்லை. அடித்துவிட்டுத் திரும்பினாள்.

"சார், இது உங்களுக்கே எதிரா இருக்கே. எடுத்திரலாமா?"

எடுத்துவிடு என்பது வாய் வரை வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்கவில்லை. சாலையில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும், ஆறாவது பத்தியாப் போடு" என்றேன்.

*

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நானே அதைப் படித்தேன். ஐந்து பத்தி வரை தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறாவதில் நிறுத்திவிட்டார்கள். வங்கி மேலாளர் தாளை வாங்கி முத்திரையைச் சரிபார்த்தார். ஆசிரியைதான் பேசினார்.

"வந்து கேட்டவர ஏன் சார் திருப்பி அனுப்பினீங்க?"

"அந்தப் பத்தியிலேயே இருக்கும்மா" என்றேன்.

"என்ன செஞ்சீங்கன்னு இருக்கு. ஏன்னு இல்ல."

கோப்பு எண் இல்லாத விஷயம் என்று அங்கே சொல்ல முடியவில்லை. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. காவலாளியை மாற்ற வேண்டியதில்லை என்று முடிவானது. அதை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதிவிட்டு, செயலாளர் பதவியிலிருந்து விலகுவதாக அடுத்த வரியில் எழுதினேன். வேண்டாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். மற்றவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன்.

மாடிவீட்டுக்காரன் படியில் காத்திருந்தான். விஷயம் அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

"என்ன சார் சொல்லுதிய? அப்ப என் கைல இருக்கது?"

"கேட்டுல இருக்காரே, அவர்தான். வேற யாரும் இல்ல."

"அவரு யாரையும் கொல்லலியா?"

"ஒரு சிட்டா வாங்கப் போனாரு."

அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் வந்தது நிம்மதி என்று சொல்ல எனக்கு ஆசைதான், வந்தது ஏமாற்றம். இரண்டு வாரம் முழுக்கைச் சட்டை போட்டான். பிறகு கடைக்காரர் அந்த இடம் முழுவதும் கறுப்படித்துக் கொடுத்துவிட்டார். கன்னத்தின் ஷேடிங்கை மறைக்க வேறு வழி இல்லையாம். நான்கு விரல் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை. வீட்டில் துக்கமா என்று கம்பெனியில் கேட்கிறார்களாம். அந்த இணைய இருவருக்கும் பத்திரத்தின் நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது. படத்தை எடுக்கவில்லை. காணாமல் போனவன் என்று இரண்டாம் பாகம் போட்டிருக்கிறார்கள்.

காவலாளி பத்திரத்தின் ஒரு நகலைக் கேட்டு வாங்கி, லேமினேட் செய்து, வாசல் அறையில் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவைத்திருக்கிறார். படம் எடுக்க வருகிறவர்களிடம் அதைக் கழற்றிக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். பாதிப் பேர் படிக்காமலே போய்விடுகிறார்கள். படிக்கிறவர்கள் ஆறாவது பத்தி வந்ததும் என் வீடு எது என்று கேட்டுத் தெருப்பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். பங்குனியில் அவர் அண்ணன் மகன் ஊரிலிருந்து வந்து, அதை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனான்.

எங்கள் தெருக்காரர்கள் யார் உள்ளே வந்தாலும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறார். எனக்கு மட்டும் எழுவதில்லை. பதிவேட்டில் என் பெயரை எழுதி, நேரத்தைக் குறித்து, கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டுகிறார். குடியிருப்போருக்கு அது தேவையில்லை என்று விதியில் இருக்கிறது. அந்த விதியை எழுதியதும் நான்தான். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன்.